ஆளுமைக் கோளாறுடையாரை ஆற்றுப்படுத்தல்

மனத்துயருற்று வந்தார்க்கு ஆலோசனை கூறித் துணைநிற்கும் தொழிலுக்கு இக்காலத்தார் 'ஆற்றுப்படுத்தல்' என்னும் பழஞ்சொல்லை எடுத்து வழங்குகின்றனர். இதனினும் பொருத்தமான பெயர் அத்தொழிலுக்கு வாய்த்தல் அரிது என்பது என் துணிபு. பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்த பாட்டுக்கள் ஐந்துள்ளமை மாணவர் அறிந்ததே. அவற்றுள் திருமுருகாற்றுப்படை ஒழிந்த நான்கும், பரிசில் பெற்று மீள்வான் ஒருவன் வறுமையால் வாடி எதிர்ப்படுவானை நோக்கி, இன்ன வழியே இன்னானிடம் செல்க என்று நெறிகாட்டுவனவாய் அமைந்தவை. நெறிகாட்டுவான் தானும் அவ்வறுமையில் உழன்றவன். ஆயினும் எதிர்ப்பட்டானைத் தோளிற் சுமந்து செல்வானல்லன். அவனை அவ்விடத்தே விட்டு ஓடுவானுமல்லன். வழியையும் வழியிடை உள்ள இடர்களையும் உள்ளவாறு உரைப்பான். மலைபடுகடாத்தில், வழுக்கும் இடங்களும், பாம்புறையும் குழிகளும், தினைப்புனங் காப்போர் வீசும் கவண்கற்களும் எத்துணை விரிவாகச் சொல்லப்படுகின்றன என்பதைப் படித்தார் அறிவர். ஆற்றுப்படுத்தும் தொழிலில் மிக அரிய பகுதி ஒன்றனைப்பற்றிச் சில கூற விழைந்த யான், அப்பாட்டுக்களை நினைந்தே தொடங்குகின்றேன்.

துணைநாடி வருவார் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர். பரீட்சைக்கு அஞ்சி வருவோர், தந்தையை இழந்து வருவோர், நட்பு முறிந்து வருவோர் ஆகிய இவர்கட்குச் செவிகொடுத்தல் அத்துணைக் கடினமன்று. அவர் கண்ணீர் துடைத்து நன்றி கூறிச் செல்வர். நமக்கும் ஒரு நற்செயல் புரிந்த நிறைவு உண்டாகும். வேறு சிலர் உளர். அவர் முதல் நாளிலேயே, 'உம்மைப்போல் என்னை அறிந்தவர் எவருமிலர்' என்பர். ஒரு திங்கள் கழியுமுன், 'உம்மைப்போற் கொடியவர் எவருமிலர்' என்பர். குறித்த நேரத்தில் வாரார்; குறியாத நேரத்தில் வருவர். நாம் மறுமொழி கூறச் சற்றே தாழ்ப்பினும் கைவிடப்பட்டதாகக் கலங்குவர். சினமும் வெறுமையும் மேலிட்டபோது தம் உடம்பிற்குத் தாமே ஊறு செய்துகொள்வர். இன்னும் சிலர் எவரையும் நம்பார். சிலர் தம்மையன்றி எவரையும் மதியார். சிலர் பிறரைக் கருவியாகக் கொள்வதன்றி வேறு உறவறியார். இத்தகையோர்க்கு நம் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் வழங்கும் பெயர் 'தொல்லைக்காரர்' என்பது.

மருத்துவர் இட்ட பெயர் வேறு. ஒருவர் தம்மைத் தாம் கருதும் முறையும், பிறரோடு உறவாடும் முறையும், உணர்ச்சிகளை ஆளும் முறையும் நெடுங்காலமாகவே பிறழ்ந்து, சூழல் மாறியவிடத்தும் அப்பிறழ்ச்சி மாறாது நின்று, தமக்கோ பிறர்க்கோ பெருந்துன்பம் விளைக்குமாயின், அதனை ஆளுமைக் கோளாறு என்பர். இது காய்ச்சல்போல் ஒருநாள் வந்து ஒருநாள் நீங்குவதன்று. ஆதலின் இதனை உடையார், 'எனக்கு நோய் வந்தது' என்று எண்ணுவதினும், 'யான் இப்படிப்பட்டவன்', 'உலகம் இப்படிப்பட்டது' என்றே பெரும்பாலும் எண்ணுவர். உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நடைமுறைக்குக் கொணர்ந்த 11ஆம் நோய்ப் பகுப்பில், முன்னிருந்த பல வகைப்பெயர்களை நீக்கி, கோளாறு இலேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா என்று அளந்து கூறுவதையே முதன்மையாக்கியது. பெயர்ப்பட்டியலைக் குறைத்து அளவுகோலை வைத்தது அறிவுடைய செயல் என்பேன். வளைவு சிறிதும் இல்லாத ஆளுமை நம்மில் எவரிடத்துளது?

பழைய வகைகளுள் 'பார்டர்லைன்' எனப்படும் எல்லைநிலைக் கோளாறு ஒன்று மாத்திரம் அப்புதிய பகுப்பிலும் தனிக்குறிப்பாக எஞ்சிநிற்கின்றது. 1938இல் நியூயார்க் நகரத்து மருத்துவர் அடால்ப் ஸ்டெர்ன் என்பவர், அக்காலத்து உளப்பகுப்புச் சிகிச்சைக்கு இணங்கிவாராத ஒரு கூட்டத்தாரைப்பற்றி எழுதியபோது இச்சொல்லைக் கையாண்டார். நரம்புத் தளர்ச்சி என்றும் சித்தப்பிரமை என்றும் அந்நாளில் வகுத்திருந்த இரண்டு நாடுகளுக்கும் இடையிலுள்ள எல்லை என்பது அதன் கருத்து. 1980இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்துக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் அஃது ஏறியது. மேலே யான் முதற்கண் கூறிய அடையாளங்கள் பெரும்பாலும் இதனைச் சார்ந்தனவே. இதனை எளிதாக எண்ணுதற்கில்லை. இக்கோளாறுடையாரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த சில ஆய்வுகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை தற்கொலையால் மாண்டமை காணப்பட்டது. 'கவனத்தை ஈர்க்கவே இப்படிச் செய்கின்றாள்' என்று கூறி நகைப்பார் இவ்வெண்ணை ஒருமுறை நினைத்தல் வேண்டும்.

பெயரானது மருத்துவர் உள்ளத்தையும் எவ்வாறு திரிக்கும் என்பதற்கு ஒரு சான்று கூறுகின்றேன். 1988இல் லூயிஸ், ஆப்பிள்பி என்னும் இரு மருத்துவர் ஆங்கில நாட்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மனச்சோர்வுற்ற ஒருவரின் வரலாற்றை எழுதி, மனநோய் மருத்துவர் பலர்க்கும் அனுப்பி, கருத்தைக் கேட்டனர். சிலர்க்கு அனுப்பிய பிரதியில், இவருக்கு முன்னர் ஆளுமைக் கோளாறு என்று கூறப்பட்டதுண்டு என்னும் குறிப்பு மாத்திரம் சேர்க்கப்பட்டிருந்தது. அக்குறிப்பைக் கண்டவர், அந்நோயாளியைத் தொல்லை தருபவர் என்றும், பிறரை ஆட்டிவைப்பவர் என்றும், இரக்கத்துக்கு அத்துணை உரியரல்லர் என்றும் கருதினர். நோயாளி ஒருவரே, துன்பமும் ஒன்றே. கற்றறிந்த மருத்துவர்க்கே இது நேருமாயின், ஒரு புத்தகத்தையோ கைப்பேசியிற் கண்ட ஒரு பேச்சையோ கொண்டு தம் உடன்மாணவரையும் மாமியாரையும் மேலதிகாரியையும் இப்பெயரால் அழைக்கும் நம்மவர் செயலை என்னென்பது! நோயின் பெயரை வசைச்சொல்லாக்குதல் நமக்குக் கைவந்த கலையாகிவிட்டது. ஆங்கில நாட்டில் இப்பெயர் பெற்றாரை மருத்துவ நிலையங்கள் வாயிலிலேயே திருப்பியனுப்பிய கொடுமை மிகுந்தமையால், 2003இல் அந்நாட்டு மனநலத் தேசிய நிறுவனம், இனி இப்பெயர் விலக்கி நிறுத்தற்கு ஏதுவாகாது என்னும் பொருள்பட்ட தலைப்புடன் ஓர் அறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று.

இவ்வளவு கூறும் யான் இவ்விஷயத்திற் குற்றமற்றவன் அல்லேன். பல்லாண்டுகட்கு முன்னர், வேறோர் ஊரில், ஒரு கல்லூரியில் யான் உபாத்தியாயனாக இருந்த காலத்து, மாணாக்கர் குறை கேட்கும் பொறுப்பும் என்னிடம் தரப்பட்டிருந்தது. அதற்கென யான் பெற்ற பயிற்சி இரண்டு நாள். ஒரு மாணவி வந்தாள். அறிவிற் சிறந்தவள், அவள் கையில் முன்னைய காயங்களின் வடுக்கள் இருந்தன. அவள் கதையைக் கேட்டு உள்ளம் உருகிய யான், 'எந்நேரமாயினும் எம் வீட்டுக்கு வா. எங்கள் மகளைப்போல் எண்ணுகின்றோம்' என்று கூறினேன். அவள் என் சொல்லை மெய்யாகவே நம்பினாள். மாலையில் வந்தாள், இரவில் வந்தாள், வராத நாள்களில் தொலைபேசியிற் பேசினாள். என் மனைவி முதலில் அன்பாகவும், பிறகு பொறுமையாகவும், பிறகு மௌனமாகவும் இருந்தாள். கல்லூரியில் உபாத்தியாயர் இருகட்சியாயினர். ஒரு சாரார் அவளைக் காப்பாற்ற வந்தவர். மற்றொரு சாரார் அவள் நாடகத்தைக் கண்டறிந்தவர். இரு சாராரிடத்தும் அவள் வெவ்வேறு செய்தி கூறியிருந்தாள் என்பது பின்னர்த் தெரிந்தது. இரண்டாம் திங்களின் இறுதியில் என் பொறுமை தீர்ந்தது. ஓர் இரவு கதவைத் திறவாது உள்ளேயே இருந்தேன். மறுநாள் அவளைக் கண்டபோது, வேலை மிகுதி என்று பொய்யும் கூறினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த ஆண்டு முடியுமுன் படிப்பை விட்டுப் போனாள்.

கதவைச் சாத்தியது என் குற்றம் என்று யான் நெடுநாள் வருந்தினேன். இப்போது வேறாக எண்ணுகின்றேன். என் குற்றம் முதல்நாட் சொல்லில் இருந்தது. காக்கவியலாத வாக்கை, அவள்பால் இரக்கத்தாலும், உண்மை கூறின் என்னைப்பற்றி யான் கொண்டிருந்த பெருமித எண்ணத்தாலும் கொடுத்தேன். கைவிடப்படுவோம் என்னும் அச்சமே நோயாக உடையாளிடம், கைவிடுதலில் முடிந்தே தீர வேண்டிய ஓர் உறவைத் தொடங்கிவைத்தேன்.

இத்தகையோர்பால் வெறுப்பு எழுதல் இயல்பு என்பதை அஞ்சாது எழுதியவர் டொனால்டு வின்னிகாட் என்னும் ஆங்கில மருத்துவர். போர்க்காலத்தில், வீடுவீடாக ஓடிப்போகும் வழக்கமுடைய ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவரும் அவர் மனைவியும் மூன்று திங்கள் தம் இல்லத்தில் வைத்து வளர்த்தனர். அவன் வெறிகொண்ட வேளைகளில் அவனைத் தூக்கி வாயிலுக்கு வெளியே விடுவார். ஆங்கு ஒரு மணி தொங்கியது. அதனை அவன் எப்போது அடிப்பினும் கதவு திறக்கும். நடந்ததைப்பற்றி ஒரு சொல்லும் கூறப்படாது. வெளியே விடும் ஒவ்வொரு முறையும், நீ செய்தது உன்மேல் எனக்கு வெறுப்பை உண்டாக்கிற்று என்று அவர் சிறுவனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவார். அங்ஙனம் சொல்லியிராவிடில் தாம் அவனை வைத்திருத்தல் இயன்றிராது என்பது அவர் கருத்து. 1949இல் அச்சான அக்கட்டுரையைப் படித்தபோது, யான் சாத்திய கதவில் மணி இல்லையே என்று நினைந்தேன். சினத்தை மறைத்துக்கொண்டு இனிது பேசுவோரிடம் இம்மக்கள் சினத்தையே முதலிற் காண்கின்றனர். ஏனெனில் முகக்குறிப்பை அளந்தறிதலில் அவர் குழந்தைப்பருவந் தொட்டே பழகியவர்.

இனி, இத்துறையில் வழி வகுத்தாருள் தலையாய ஒருவரைப்பற்றிக் கூறுவேன். அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரத்திலுள்ள ஒரு மனநோய் மருத்துவமனையில் 1961ஆம் ஆண்டு பதினேழு வயதுப் பெண்ணொருத்தி சேர்க்கப்பட்டாள். தன்னைத்தானே ஊறுசெய்தலை நிறுத்தாமையால் தனியறையில் அடைத்துவைக்கப்பட்டாள். நோய் வேறொன்றாகக் கூறப்பட்டது; கடுமருந்துகளும் மின்னதிர்ச்சியும் கொடுக்கப்பட்டன; பயன் இல்லை. இரண்டாண்டுக்கு மேல் அங்கிருந்தாள். இந்நரகத்தினின்று யான் வெளியேறுவேன், வெளியேறியபின் மீண்டும் வந்து பிறரையும் வெளிக்கொணர்வேன் என்று அக்காலத்தில் இறைவனிடம் நேர்ந்துகொண்டதாக அவரே பிற்காலத்திற் கூறினார். அவர் பெயர் மார்ஷா லைனஹன். சியாட்டில் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் பேராசிரியராகி, இத்தகையோர்க்கென ஒரு சிகிச்சை முறையை அமைத்து, அதன் பயனை 1991இல் ஆராய்ச்சி வாயிலாக வெளியிட்டு, 1993இல் பெருநூலாகவும் எழுதினார். தம் சொந்த வரலாற்றை உலகறியச் சொன்னதோ 2011இல், தாம் அடைபட்டிருந்த அதே மருத்துவமனையில். பரிசில் பெற்று மீண்டவன் எதிர்ப்பட்டானுக்கு வழிகூறுவது இதுவன்றோ.

அவர் முறைக்கு இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். பெயர் கரடுமுரடாயினும் உட்பொருள் எளிது. உணர்ச்சி விரைவில் மூண்டு மெதுவாகத் தணியும் இயல்புடன் பிறந்த குழந்தை, 'இதற்குப்போய் அழுவதா' என்றே கூறும் சூழலில் வளருமாயின், தன் உணர்ச்சியை நம்பவும் கற்காது, ஆளவும் கற்காது என்பது அவர் கொள்கை. ஆதலின் ஆற்றுப்படுத்துவோர் இரண்டினைச் சேர்த்தே செய்தல் வேண்டும். உன் துன்பம் மெய், உன் நிலையில் அது விளங்கத்தக்கதே என்று ஏற்றல் ஒன்று. இவ்வாறே இருத்தல் இயலாது, மாற வேண்டும் என்று வற்புறுத்தல் மற்றொன்று. ஏற்பு மாத்திரமாயின் நோயாளி இருந்த இடத்திலேயே இருப்பார். வற்புறுத்தல் மாத்திரமாயின் எழுந்து போய்விடுவார். வாரந்தோறும் தனிச்சந்திப்பு ஒன்றும், பலரைச் சேர்த்துவைத்துப் பாடம்போற் பயிற்றும் வகுப்பு ஒன்றும் உண்டு. மனத்தை நிகழ்கணத்தில் நிறுத்தல், துன்பத்தைக் கூட்டாமல் தாங்குதல், உணர்ச்சியை ஆளுதல், உறவைக் கெடாது தன் வேண்டுகோளைக் கூறுதல் ஆகிய நான்கும் அங்குக் கற்பிக்கப்படும். இவற்றுள் முதலாவதற்கு லைனஹன் சென் என்னும் பௌத்த தியானநெறியினின்று கொண்டார்.

இம்முறையில் என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது தொலைபேசி பற்றிய விதி. இடைநேரங்களில் நோயாளி தம் ஆலோசகரை அழைக்கலாம். அழைத்தல் வேண்டும் என்றே ஊக்குவிக்கப்படுவார். ஆனால் தம்மை ஊறுசெய்யுமுன் அழைத்தல் வேண்டும். ஊறுசெய்தபின் இருபத்துநான்கு மணி நேரம் அவ்வழைப்பு இல்லை. குறித்த சந்திப்பு மாத்திரம் வழக்கம்போல் நடைபெறும். உயிர்க்கு இடரெனின் மருத்துவ உதவி உடனே உண்டு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இவ்விதியை முதலிற் கேட்டார் இரக்கமற்றது என்பர். யானும் அவ்வாறே எண்ணினேன். பின்னரே, காயத்தைக் கண்டபின் ஓடிச்சென்று அணைத்து, காயமில்லாத நாளிற் கண்டும் காணாதுபோகும் நம் வழக்கத்தை நோக்கினேன். அன்பைப் பெறும் வழி காயமே என்று நாமல்லவா கற்பித்தோம்? மற்றுமொன்று: ஆலோசகர்களும் வாரந்தோறும் தமக்குள் கூடித் தம் சினத்தையும் சோர்வையும் பிழைகளையும் எடுத்துரைத்து ஒருவரையொருவர் திருத்துதல் அம்முறையில் விருப்பச்செயலன்று, சிகிச்சையின் ஒரு கூறேயாம்.

இவர்கள் திருந்துவரோ என்று ஐயுறுவார்க்கு ஒரு கணக்கு. பாஸ்டன் நகரையடுத்த மக்லீன் மருத்துவமனையில் 1992ஆம் ஆண்டு மேரி ஜனரீனி என்பார் தொடங்கிய ஆராய்ச்சியில், எல்லைநிலைக் கோளாறுடையார் 290 பேர் ஆண்டுக்கணக்காகப் பின்தொடரப்பட்டனர். பத்தாண்டு முடிவில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர், நோயடையாளம் தணிந்த நிலையில் குறைந்தது இரண்டாண்டு இருந்தமை கண்டனர். இது மனநூலார் பலரும் எதிர்பாராதது. ஆயினும் நோய் தணிந்ததோடு, தொழிலும் உறவும் நன்கமைந்த முழு வாழ்வு எய்தினார் ஏறக்குறையப் பாதியரே. ஊறுசெய்தல் நின்றபின்னும் தனிமை நின்றபாடில்லை என்பது இதன் பொருள். மேலும், 2009இல் கனடா நாட்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், லைனஹன் முறையையும், நன்கு பயின்ற மருத்துவர் ஒழுங்காகச் செய்த பொதுச்சிகிச்சையையும் 180 பேரிடம் ஓராண்டு ஒப்பிட்டு நோக்கியபோது, இரண்டிலும் நற்பயன் ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. இதனைக் கண்டு லைனஹன் புகழ் குறைந்ததென யான் கருதவில்லை. மந்திரம் ஒன்றுமில்லை, தெளிந்த திட்டமும் தவறாத நேரமும் உடையார் பிறரும் இதனைச் செய்யலாம் என்பது அதனால் தெரிகின்றது. நம்மைப்போன்ற எளிய நாட்டினர்க்கு அது நற்செய்தியே.

இனி, நம் கல்லூரிகளில் நிகழ்வதற்கு வருவோம். ஏதேனும் ஒரு துயரம் நேர்ந்தவுடன், பாடஞ்சொல்லும் உபாத்தியாயருள் மென்மையானவர் ஒருவரைத் தேடி, ஆலோசகர் என்று பெயரிட்டு, ஒரு நாற்காலியும் ஒரு பதிவேடும் கொடுத்து அமர்த்திவிடுகின்றனர். அவர் தனியே இருப்பார், எவரிடமும் கலந்து பேச வழியில்லை, பாடவேளையும் குறையாது. இவர் ஓராண்டில் ஒன்று உருகிப்போவார், அல்லது மரத்துப்போவார். இஃது அன்பின் பெயராற் செய்யும் அநீதி என்பேன். ஆலோசகருக்கும் அநீதி, நாடி வருவார்க்கும் அநீதி. ஒருவரை அமர்த்துவதினும் மூவரை அமர்த்துக. அவர் மூவரும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூடிப் பேச இடந்தருக. அருகிலுள்ள மனநோய் மருத்துவர் ஒருவரோடு தொடர்பு இருத்தல் வேண்டும். நோய்க்குப் பெயரிடுதல் அவர் வேலை, நம் வேலையன்று. இரவில் உயிர்க்கு இடர் நேரும்போது ஓர் உபாத்தியாயரின் வீட்டுக்கதவே புகலென்னும் நிலை ஒழிய வேண்டும். 2022ஆம் ஆண்டு முதல் இந்திய அரசாங்கம் நடத்திவரும் 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் உண்டு. விடுதிச் சுவர்களில் ஒழுங்கு விதிகளுக்கு மேலே அவ்வெண் எழுதப்பட வேண்டும்.

ஒழுக்கக்கேட்டை நோயென்று கூறிக் காப்பதா என்று கேட்பார் உளர். அவர் கேள்வி முற்றிலும் பொய்யன்று. பிறரை வருத்தியதற்கு நோய் மன்னிப்புச் சீட்டாகாது. செய்ததற்குச் செய்தவர் பொறுப்பேற்கவே வேண்டும். லைனஹனும், தம் துன்பங்கள் அனைத்தையும் இவர்கள் தாமே உண்டாக்கியிராவிடினும், அவற்றைத் தீர்க்கும் பொறுப்பு அவர்களையே சாரும் என்று கொண்டார். தண்டனை வேண்டுமிடத்துத் தண்டிக்க. தண்டித்தபின்னும் அடுத்த வாரத்துச் சந்திப்பை மாற்றாதிருக்க. இவ்விரண்டும் ஒருங்கே நடத்தல் கூடும் என்பதை இம்மாணாக்கருட் சிலர் தம் வாழ்நாளில் ஒருமுறையும் கண்டிரார்.

என் அறைக்கதவில் இப்போது, செவ்வாய், வெள்ளி, மாலை நான்கு முதல் ஐந்து வரை என்று எழுதியிருக்கின்றேன். ஐந்து மணி அடித்ததும், பேச்சு எவ்விடத்தில் இருப்பினும், எழுந்துவிடுகின்றேன். சென்ற ஆண்டில் ஒரு மாணவன் இதுபற்றி மிகச் சினந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, இனி இப்பக்கம் வரேன் என்று கூறிப் போனான். எனக்கும் சினம் உண்டாயிற்று. மறுநாள் என்னோடு இப்பணி செய்யும் இருவரிடமும் அதனைச் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நான்கடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் அவன் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். நான்கு மணிக்குக் கதவைத் திறந்தேன்.